ரயில் போன பிறகும் நடைமேடையில் உட்கார்ந்திருப்பது பிரார்த்தனையில் சேருமா?

மந்தைவெளி மீனா
திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பெரும்பாலும் படித்துவிட்டுப் போகிறவள் நான். இழை தொடங்குவது இதுவே முதல் தடவை.

பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. பிற்பகல் மூன்று மணிவாக்கில் பறக்கும் ரயிலில் வந்து மந்தைவெளியில் இறங்குவேன். அந்த நிலையத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எவ்வளவு பெரிய கட்டடம், அந்த நேரத்தில் எவ்வளவு காலி என்று. கூட இறங்கிய நாலைந்து பேர் படியிறங்கிப் போய்விடுவார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். ரயில் போன பிறகும் பெஞ்சில் ஓர் அதிர்வு சற்று நேரம் இருக்கும். அது அடங்கியதும் கூரைக்கடியில் புறாக்கள் இறக்கையைத் தட்டுவது கேட்கும். அப்புறம் கீழே ஏதோ ஒரு வீட்டுக் குக்கர். இவை எல்லாம் ரயில் நின்றுகொண்டிருந்தபோதும் இருந்த சத்தங்கள்தான்.

வீட்டுக்குப் போனால் மாமியார், தொலைக்காட்சித் தொடர், மாலைச் சமையல். அடுத்த ரயில் வரும்வரை உட்கார்ந்திருப்பேன். கண்ணை மூடுவதில்லை, நாமம் ஏதும் சொல்வதில்லை. கபாலீசுவரர் சன்னதியில் நின்றால் கேட்க வேண்டியவை தாமாகவே வரிசைகட்டி வந்துவிடும்: மகனுக்கு வேலை, வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, தங்கையின் வழக்கு. நடைமேடையில் எதையும் கேட்கத் தோன்றுவதில்லை. கேட்க வேண்டியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், எல்லாம் அவருக்குத் தெரியும் என்று இருந்துவிடுகிறேன்.

பிரதோஷக் கூட்டத்தில் நெரிபட்டு நந்தியின் கொம்புகளுக்கு நடுவே எட்டிப் பார்த்துவிட்டு வருவதைவிட இது மேலாக இருக்கிறது என்று அக்காவிடம் சொன்னேன். "கோயிலுக்குப் போகச் சோம்பல், அதற்கு ஒரு சாக்கு" என்று முடித்துவிட்டாள்.

உங்களுக்கும் இப்படி ஓர் இடமோ நேரமோ உண்டா? உண்டென்றால், அங்கே கடவுள் இருப்பதாகத் தோன்றுகிறதா, இல்லை, யாரும் நம்மைக் கூப்பிடவில்லை என்ற நிம்மதி மட்டும்தானா? நிம்மதி மட்டும்தான் என்றாலும் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

துரைப்பாக்கம் தூக்கக்காரன்
திங்கள், இரவு 10.05

எனக்கு அலுவலக மின்தூக்கி. பதினோராவது மாடிவரை தனியாகப் போகக் கிடைத்தால் அன்றைக்குப் புண்ணியம். தியானச் செயலி ஒன்று சந்தா கட்டி வைத்திருக்கிறேன். 'இன்று நீங்கள் தியானம் செய்யவில்லை' என்று அது அனுப்பும் நினைவூட்டல்தான் இப்போது என் பெரிய இடைஞ்சல்.

கூவம்கரை
திங்கள், இரவு 10.31

மீனா அம்மா, கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டீர்கள். எனவே சொல்கிறேன்: நிம்மதி மட்டும்தான்.

உட்கார்ந்ததும் மூச்சு நிதானப்படுகிறது. வெளிவிடும் மூச்சு நீளும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைச் சற்றுத் தணிக்கிறது. தசைகள் தளர்கின்றன. ஆபத்து ஏதும் இல்லை என்று உடம்பு முடிவுகட்டிவிடுகிறது. யாரோ நம்மைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற உணர்வு அதிலிருந்து வருகிறது. குழந்தைப் பருவத்தில் அப்படித்தானே இருந்தோம்? அதற்குச் சாமி என்று பெயர் வைப்பது உங்கள் விருப்பம். நான் பெயர் வைப்பதில்லை. ஆனால் உங்கள் அக்கா சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. சோம்பலாகவே இருந்தாலும் என்ன? வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பெண் பத்து நிமிடம் உட்காரக் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள்.

பரங்கிமலை வாத்தியார்
செவ்வாய், காலை 5.50

கூவம்கரைக்குக் காலை வணக்கம். வேகஸ் நரம்பைப் பற்றி மறுப்பதற்கு எனக்கு ஒன்றுமில்லை. கடவுள் நம்மைத் தொடுவதென்றால் உடம்பின் வழியாகத் தொடாமல் வேறு எதன் வழியாகத் தொடுவார்?

ஓய்வுபெற்ற பின் வாரத்தில் பாதி நாள் மலைமேல் ஏறிவிடுகிறேன். மேலே இருக்கும் மாதா கோயில் போர்த்துக்கீசியர் 1523இல் கட்டியது. அமைதியான இடம் என்று சொல்லி யாரையும் ஏமாற்ற மாட்டேன். மீனம்பாக்கம் பக்கத்திலேயே இருக்கிறது. விமானம் இறங்கும்போது ஜெபமாலையில் எத்தனையாவது மணியில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது விமானம் வந்தால் விரலை அந்த மணியிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறேன், போனதும் தொடர்கிறேன்.

மீனா கேட்டதற்கு வருகிறேன். பதினேழாம் நூற்றாண்டில் பாரிசில் லாரன்ஸ் என்றொரு சகோதரர் இருந்தார், கார்மேல் சபை மடத்தில். குருவானவர் அல்லர். படைவீரராக இருந்து காயம்பட்டுக் கால் ஊனத்தோடு மடத்துக்கு வந்தவர். அவருக்குக் கொடுத்த வேலை சமையற்கட்டு. அந்த வேலை அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. இருந்தும் பல ஆண்டுகள் அதையே செய்தார். பாத்திரங்கள் உருள, நாலு பேர் நாலு பொருளைக் கேட்டுக் கத்த, அங்கேயும் தனக்குக் கடவுள் கோயில் பீடத்தில் நற்கருணை அப்பம் வைத்திருக்கும் பேழை முன் முழந்தாளிடும்போது இருக்கும் அதே அளவுக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்பது அவர் சொன்னது. ஜெப நேரம், வேலை நேரம் என்ற பாகுபாடே அவருக்குப் போய்விட்டது. 1691இல் இறந்தார். மடத்துக்கு வெளியே அவரைப் பற்றிப் பரவலாகப் பேச ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான்.

எனவே உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள், நடைமேடை ஒன்றும் குறைந்த இடமில்லை. ஆனால் லாரன்ஸ் உங்களிடமும் ஒன்று கேட்பார்: பெஞ்சிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டியதும் பக்கத்தில் இருந்தவர் எங்கே போனார்?

மந்தைவெளி மீனா
செவ்வாய், காலை 7.15

வாத்தியார் ஐயா, காலையிலேயே மாட்டிவிட்டீர்கள். நிலையத்தின் படியிறங்கி ஆட்டோக்களின் ஹாரனைக் கேட்டதுமே அவர் போய்விடுகிறார். சமையற்கட்டுவரை வந்ததில்லை. இட்லி வெந்துவிட்டது, மற்றதை மாலையில் எழுதுகிறேன்.

ஐஸ்ஹவுஸ் அத்தர்
செவ்வாய், பிற்பகல் 2.20

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். கடையில் லுஹர் என்ற நண்பகல் தொழுகை முடிந்து அஸர் என்ற பிற்பகல் தொழுகை வரும்வரை வாடிக்கையாளர் வருவது குறைவு. படித்துக்கொண்டிருந்தேன்.

அமைதி என்றதும் எனக்கு ஆளில்லாத இடம் ஞாபகம் வரவில்லை. திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் இருக்கும் வாலாஜா பள்ளிவாசல், நாங்கள் பெரிய பள்ளி என்போம், 1795இல் கட்டியது. நோன்புக் காலத்தில் மாலை ஆறு மணிக்கு அங்கே வந்து பாருங்கள். வரிசை வரிசையாக ஆட்கள். பரிமாறுகிறவர்கள் பல ஆண்டுகளாக மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துக்கள் என்பது ஊருக்குத் தெரிந்த செய்திதான். தலையில் தொப்பியோடு வந்து எங்களுக்குப் பரிமாறிவிட்டுப் போவார்கள்.

எல்லோர் முன்னாலும் கஞ்சி இருக்கும், பேரீச்சம்பழம் இருக்கும். விடிவதற்கு முன் சாப்பிட்டது. சித்திரை வெயில் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பாங்குக்கு இன்னும் இரண்டு மூன்று நிமிடம். அந்த நேரத்தில் பேச்சு தானாகக் குறைந்துவிடும். யாரும் அடக்கச் சொல்வதில்லை. கஞ்சியின் மேல் மெல்ல ஏடு படிவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம். சிறு பிள்ளைகள்கூடக் கையை நீட்ட மாட்டார்கள். வெளியே சாலையில் பஸ்களும் ஆட்டோக்களும் போய்க்கொண்டேதான் இருக்கும்.

பசியோடு, முன்னால் சாப்பாட்டோடு, தொடாமல் இருக்கிறோம். யார் பார்க்கிறார்கள் என்று? கூவம்கரை தம்பி, இதற்கு உங்கள் நரம்பு எனக்குப் போதவில்லை. உடம்பு அந்த நேரத்தில் தளர்ச்சியாக இல்லை, சாப்பாட்டுக்காகத் துடித்துக்கொண்டிருக்கிறது. இருந்தும் உள்ளே ஒன்று அசையாமல் இருக்கிறது. அங்கே நான் தனியாக இல்லை என்பது எனக்கு நிச்சயம். பக்கத்தில் ஆயிரம் பேர் இருப்பதைச் சொல்லவில்லை.

மேற்கு மாம்பலம் பஞ்சு
செவ்வாய், பிற்பகல் 3.02

அமைதியைப் பற்றி எல்லோரும் அழகாகப் பேசுகிறீர்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்றால் பத்து மணியிலிருந்து காலை ஆறு மணிவரை. எங்கள் தெருமுனைக் கோயிலில் மார்கழி பிறந்தால் நாலரை மணிக்கு ஒலிபெருக்கி அலறும். பெருமாளே பயந்து எழுந்திருப்பார். இதைப் பற்றி யாராவது...

ஐஸ்ஹவுஸ் அத்தர்
செவ்வாய், பிற்பகல் 3.10

பஞ்சு ஐயா, ஒலிபெருக்கி எங்கள் பக்கமும் உண்டு. எல்லார் பக்கமும் உண்டு. வாருங்கள், சேர்ந்தே குறைப்போம்.

நெறியாளர்
செவ்வாய், மாலை 4.00

ஒலிபெருக்கிக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே ஏற்கெனவே போதுமான சத்தம் இருக்கிறது. இங்கே மீனா அவர்களின் கேள்வியைத் தொடருங்கள்.

புளியந்தோப்புச் செல்வி
செவ்வாய், இரவு 11.12

எல்லாவற்றையும் படித்தேன். மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் வீடு ஒரே அறை. அத்தை, நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள். மகன் பத்தாம் வகுப்பு. அவன் படிக்கும்போது மற்ற நான்கு பேரும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறோமே, அதுதான் எங்கள் வீட்டு அமைதி. அதில் கடவுள் வருவதில்லை, கொசுதான் வருகிறது. அமைதிக்கு இடம் வேண்டும், இடத்துக்கு வாடகை வேண்டும். கடற்கரைக்குப் போய் உட்காருங்கள், பூங்காவுக்குப் போய் உட்காருங்கள் என்று எழுதுகிறவர்கள், போகவர ஆகும் பஸ் நேரத்துக்கு வீட்டில் யார் பதில் சொல்வது என்று எழுதுவதில்லை. மீனா அம்மா அப்படி எழுதவில்லை, அவர் வழியில் இருக்கும் பெஞ்சைத்தான் சொன்னார். அதனால்தான் நானும் எழுதுகிறேன்.

எனக்கும் ஒன்று உண்டு. சிரிக்காதீர்கள். தண்ணீர் லாரி.

மாலை ஆறு மணிக்கு வந்து தெருமுனைத் தொட்டியை நிரப்பிவிட்டுப் போகும். நான்கு மணிக்கே குடங்கள் வரிசையில் நிற்கும். என் குடத்தை நகர்த்தியது யார், நேற்று இரண்டு குடம் அதிகம் பிடித்தது யார் என்று ஒரே கூச்சல். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தபோது இதே தெருவில் கைகலப்பே நடந்தது. இப்போது அவ்வளவு இல்லை.

என் முறை வந்து குழாயடியில் குடத்தை வைத்ததும் எனக்கு மற்றது எதுவும் கேட்பதில்லை. காலிக் குடத்தில் விழும்போது தண்ணீர் கனத்த குரலில் பேசும். நிரம்ப நிரம்பக் குரல் மேலே ஏறும். கழுத்துக்கு வந்ததும் கீச்சென்று மெலிந்துவிடும். பார்க்காமலேயே குழாயை அடைக்கலாம். கை ஈரம், அதனால் போனைத் தொட முடியாது. பின்னால் நிற்கும் அக்கா சண்டை போட்டுக்கொண்டே இருப்பார், எனக்கு அந்தக் குடம் மட்டும்தான். முதல் குடத்துக்கு மாரியம்மன் பேரைச் சொல்வேன். அதற்குமேல் பிரார்த்தனை என்று ஏதும் கிடையாது. ஆனால் அந்த நேரத்தில் யார்மேலும் எனக்குக் கோபம் இல்லை, என் வீட்டுக்காரர்மேல்கூட.

கடவுளா, நிம்மதியா என்று கேட்டீர்கள். எங்களுக்குத் தண்ணீர் வந்தால் இரண்டும் ஒன்றுதான்.

துரைப்பாக்கம் தூக்கக்காரன்
புதன், அதிகாலை 12.04

அக்கா, செயலிச் சந்தாவை இப்போதுதான் ரத்து செய்தேன்.

ஏழுகிணறு
புதன், காலை 8.30

செல்வி அவர்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் பேட்டையைப் பற்றிச் சொல்லலாம் என்று தோன்றியது. ஜார்ஜ் டவுனில் மூச்சுவிட இடம் கிடையாது என்பார்கள். வீராசாமித் தெருவில்தான் வள்ளலார் தம் இளமைக் காலத்தைக் கழித்தார். தகப்பனார் போன பிறகு தாயார் பிள்ளைகளோடு சென்னைக்கு வந்துவிட்டார். அண்ணன் சபாபதி புராணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காத்தார். தம்பி பள்ளிக்கூடம் போகாமல் கந்தகோட்டத்துக்குப் போய்விடுவார். பிறகு வீட்டில் அவருக்கென்று ஓர் அறை ஒழித்துக் கொடுத்தார்கள். சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி, முன்னால் ஒரு விளக்கு. அந்தக் கண்ணாடியில் முருகனைக் கண்டார் என்பது வரலாறு.

எனக்கு இதில் பிடித்தது அந்த ஏற்பாடு எவ்வளவு சிறியது என்பதுதான். கூட்டுக் குடும்பம், சின்ன அறை, கண்ணாடியில் தெரிவதோ முதலில் தன் முகம். பார்த்துக்கொண்டே இருக்க, தன் முகம் போய்விடுகிறது. 1872இல் வடலூரில் சத்திய ஞான சபையைத் திறந்தபோதும் அதே கண்ணாடியும் விளக்கும்தான், முன்னால் ஏழு திரைகள். சென்னைச் சந்தடியில் கிடைத்ததைத்தான் அவர் அங்கே கொண்டுபோய் வைத்தார் என்பது என் எண்ணம்.

கூவம்கரை
புதன், காலை 9.05

ஐயா, சொல்லாமல் விட்டதை நான் சொல்லிவிடுகிறேன். அவரும் 1858இல் இந்த ஊரே வேண்டாம் என்று கிளம்பிப் போய்விட்டார்!

ஏழுகிணறு
புதன், காலை 9.20

போனார், தம்பி. சென்னை தமக்குச் சரிப்படாமல் போகும் என்று அப்போதே தெரிந்திருக்கும்.

கூவம்கரை
புதன், பிற்பகல் 1.15

விளையாட்டை விடுகிறேன். செல்வி எழுதியதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது, அவர் என்னிடம் எதுவும் கேட்காவிட்டாலும்.

நான் கடவுள் இல்லை என்பவன். அமைதி வேண்டாம் என்பவன் அல்லன். கிரீன்வேஸ் சாலையில் வசந்த விஹார் இருக்கிறது, தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி சென்னை வந்தால் தங்கிப் பேசிய இடம். அங்கே அவ்வப்போது போவேன். 1909இல் அடையாறு கடற்கரையில் சிறுவனாக இருந்த அவரைப் பார்த்து, இவன்தான் வரப்போகும் உலக குரு என்று தியாசபிக்காரர்கள், அதாவது பிரம்மஞான சபையினர், முடிவு கட்டினார்கள். அவருக்காகவே ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். 1929இல் அவரே அதைக் கலைத்துவிட்டு, யாரையும் பின்பற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டு நடந்தார். உலகத்தில் யாருக்குக் கிடைத்தாலும் விடாத பதவி அது. பிறகு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அவர் சொன்னது, பார், கேள், உடனே அதற்குப் பெயர் வைக்காதே என்பதுதான்.

செல்வி குடத்தைக் கேட்பது அதுதான். குரல் மாறுவதை அவர் கேட்கிறார். அந்த இடத்தில் 'நான்' இல்லை, கோபப்பட ஆளில்லை, அதனால் கோபம் இல்லை. இதற்குக் கடவுள் எதற்கு? மாரியம்மன் பேரைச் சொல்வதால் குடம் சீக்கிரம் நிரம்புவதில்லை.

புளியந்தோப்புச் செல்வி
புதன், இரவு 10.50

நிரம்பாது, அண்ணா. பேரைச் சொல்லாமல் பிடித்தால் அது வெறும் தண்ணீராகவே வீட்டுக்கு வருகிறது. சொல்லிவிட்டுப் பிடித்தால் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஒரு குடம் கொடுக்கத் தோன்றுகிறது. இரண்டு விதமாகவும் செய்து பார்த்திருக்கிறேன்.

இரவுப்பணி
வியாழன், காலை 8.45

வீட்டுக்கு வந்து படுக்கும் முன் எழுதுகிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். நீங்கள் எல்லோரும் அமைதியை நல்ல பொருளாகவே பேசுகிறீர்கள். எனக்குத் தெரிந்த அமைதி வேறு.

இரவு மூன்று மணிக்கு எங்கள் வார்டு அமைதியாக இருக்காது. வென்டிலேட்டரின் மூச்சு, சொட்டு மருந்து இயந்திரத்தின் மணி, மானிட்டரின் டிக்டிக். சில வாரங்களில் காதுக்கு அது பழகிவிடும், கேட்கவே கேட்காது. ஒருவர் இறந்து, மருத்துவர் நேரத்தைக் குறித்து, மானிட்டரை அணைக்கும்போதுதான் இத்தனை நேரமும் அந்தச் சத்தம் இருந்தது என்பதே தெரியும். அந்த அமைதியில் நான் பலமுறை நின்றிருக்கிறேன். குழாய்களை எடுக்க வேண்டும், உடம்பைத் துடைக்க வேண்டும், தாடையைக் கட்ட வேண்டும். வெளியே காத்திருக்கும் மகளிடம் யாராவது போய்ச் சொல்ல வேண்டும். கடவுளே என்று கூப்பிட்டுப் பார்த்ததுண்டு. யாரும் இல்லை. நிம்மதியும் இல்லை. காலியான கட்டிலைப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

எனவே அமைதி இருக்கும் இடத்தில் கடவுள் இருப்பார் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எனக்கு அது வேறு நேரத்தில் வந்தது. நினைவில்லாமல் படுத்திருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். விடிகாலை நான்கு மணித் திருப்பல்தான் கடினம், எங்களுக்கே கண் சொக்கும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, விரிப்பைச் சுருட்டிப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லித் திருப்புவோம். திருப்பியதும் முதுகைத் துடைத்துவிட்டு, தலையணையைச் செருகும்வரை ஒரு கையை முதுகில் வைத்துத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். அந்த முதுகு சூடாக இருக்கும். மூச்சுக்கு ஏற்றபடி கையை மேலே தள்ளும். அவர் யார், என்ன செய்தவர், பிழைப்பாரா, எதுவும் அப்போது மனதில் இருக்காது. சுற்றி இயந்திரங்கள் கத்திக்கொண்டுதான் இருக்கும். அங்கே யாரோ இருக்கிறார். நோயாளியைச் சொல்லவில்லை, எதிரே நிற்கும் சிஸ்டரையும் சொல்லவில்லை.

பகலில் இதை நினைத்துப் பார்த்தால் தூக்கக் கலக்கம் என்றும் சொல்லிக்கொள்ளலாம். கூவம்கரை ஐயா அப்படிச் சொன்னால் சண்டைக்கு வர மாட்டேன்.

கூவம்கரை
வியாழன், காலை 9.30

சொல்ல மாட்டேன், சிஸ்டர். தூங்குங்கள்.

பரங்கிமலை வாத்தியார்
வியாழன், காலை 11.00

இரவுப்பணி எழுதியதற்கு ஆறுதல் சொல்ல வரவில்லை. ஆறுதல் அவருக்குத் தேவைப்படவில்லை.

2016 டிசம்பர் 12 வர்தா புயல் எல்லோருக்கும் நினைவிருக்கும். புயலின் கண் நகரைக் கடந்தபோது சற்று நேரம் காற்று சட்டென்று நின்றது. முடிந்துவிட்டது என்று தெருவில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடித்தது. அந்த இடைவேளையில் நான் மொட்டை மாடிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடவுளின் அமைதி என்று எதுவும் தோன்றவில்லை. பயமாகத்தான் இருந்தது. எனவே சிஸ்டர் சொல்வது சரி, சத்தமில்லாமை ஒன்றுக்கும் உத்தரவாதம் இல்லை.

வேதாகமத்தில் எலியாவின் கதையை இந்த மாதிரிப் பேச்சில் அடிக்கடி எடுப்பார்கள். பெருங்காற்று வந்தது, அதில் கர்த்தர் இல்லை. பூமி அதிர்ந்தது, அதிலும் இல்லை. அக்கினி, அதிலும் இல்லை. பிறகு மெல்லிய சத்தம். பிரசங்கிமார் அதோடு நிறுத்திவிடுவார்கள். நானும் மாணவர்களுக்கு அதுவரைதான் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த வசனத்தைப் படியுங்கள். எலியாவுக்கு அங்கே தட்டிக்கொடுப்பது எதுவும் நடக்கவில்லை. "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்ற கேள்விதான் வந்தது. உயிருக்குப் பயந்து ஓடிவந்து குகையில் ஒளிந்திருந்தவன் அவன். கேட்டுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போ என்று சொல்லி, இன்னின்னாரைப் போய் அபிஷேகம் செய் என்று கையில் வேலையும் கொடுத்து அனுப்பிவிட்டார். நான்கு மணித் திருப்பலும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

மந்தைவெளி மீனா
வியாழன், இரவு 9.15

சொன்னபடி செவ்வாய் மாலையில் எழுத முடியவில்லை, மாமியாருக்குக் காய்ச்சல். இரண்டு நாளாக நடைமேடையில் உட்காரவும் இல்லை, இறங்கியதும் ஓடிவந்துவிடுகிறேன். நேற்று இரவு அவருக்கு ஈரத்துணி மாற்றும்போது சிஸ்டர் எழுதியதை நான் இன்னும் படித்திருக்கவில்லை. இப்போது படித்துவிட்டு ஒருமுறை போய் அவர் நெற்றியைத் தொட்டுவிட்டு வந்தேன். "என்னடி?" என்றார். "ஒன்றுமில்லை, காய்ச்சல் பார்த்தேன்" என்றேன். தொலைக்காட்சியைச் சத்தமாக வைக்கச் சொன்னார். வைத்தேன்.

வாத்தியார் ஐயாவின் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

வேறொன்று. நம்மில் சிலர் பக்கத்தில்தான் இருக்கிறோம். மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்தில் மாலை ஆரத்திக்குப் பிறகு எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இத்தனை ஆண்டுகள் பக்கத்திலேயே இருந்தும் போனதில்லை. இந்தச் சனிக்கிழமை யாராவது வருகிறீர்களா?

ஏழுகிணறு
வியாழன், இரவு 9.40

நான் போவதுண்டு. மடம் 1897இல் தொடங்கியது. இப்போது இருக்கும் பெரிய கோயில் 2000இல் திறந்தது. ஆரத்தியில் விவேகானந்தர் இயற்றிய பாட்டைப் பாடுவார்கள், மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை. முடிந்ததும் விளக்கைக் குறைத்துவிடுவார்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். டிக்கெட், காணிக்கை, சாதி, மதம் ஒன்றும் கேட்பதில்லை. போனை மட்டும் அணைத்துவிட வேண்டும். ஆரத்தி சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி மாறும், எனவே சற்று முன்னதாகவே வந்துவிடுங்கள்.

ஐஸ்ஹவுஸ் அத்தர்
வியாழன், இரவு 10.10

அந்த நேரம் எனக்கு மஃரிப், அந்திநேரத் தொழுகை. தொழுதுவிட்டு வருவதற்குள் நீங்கள் எழுந்துவிடுவீர்கள். வெளியே வந்து டீ குடிக்கும்போது சேர்ந்துகொள்கிறேன்.

கூவம்கரை
வியாழன், இரவு 10.25

உள்ளே புத்தகக் கடை இருக்கிறது. நான் அங்கே நிற்கிறேன். அத்தர் பாய் வந்ததும் எல்லோருக்கும் டீ என் செலவு.

மேற்கு மாம்பலம் பஞ்சு
வியாழன், இரவு 10.31

ஒலிபெருக்கி உண்டா?

ஏழுகிணறு
வியாழன், இரவு 10.33

மண்டபத்துக்குள் மட்டும் கேட்கும் அளவுக்கு. வாருங்கள் ஐயா.

புளியந்தோப்புச் செல்வி
வியாழன், இரவு 11.20

சனிக்கிழமை எங்கள் தெருவுக்கு லாரி வரும் நாள். குடம் வைக்க வேறு ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்று மாற்றினால் மகனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், அவனுக்கு அடுத்த வாரம்தான் பரீட்சை.